மலையகத்துப் பெட்டிசங்களும் முகமறியாதவருக்கு எழுதும் கலையும்

முன்பின் அறியாத ஒருவருக்கு எழுதி, தமக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுவது எப்படி என்ற கேள்வி இணையத்தோடு பிறந்த கேள்வி என்று பலரும் எண்ணுகின்றனர். லிங்க்ட்இன் போன்ற தொழில்சார் வலைத்தளங்கள் வந்த பின்னர் இதற்கென்று பயிற்சி வகுப்புகளும் கையேடுகளும் பெருகிவிட்டன. ஆனால் நமது மத்திய மலைநாட்டில், நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும், தேயிலைத் தோட்ட மக்கள் இக்கலையைப் பயிலத் தொடங்கி நூறாண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பெட்டிசம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணமுண்டு. லயக் காம்பராக்களில் பிறந்து பல்கலைக்கழகம் வரை சென்ற பிள்ளைகள் சிலர், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள நிறுவன அதிகாரிகளுக்கு அனுப்பவிருக்கும் செய்திகளைத் திருத்தித் தருமாறு எனக்கு அனுப்புவதுண்டு. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. தங்களைப் போன்ற பெருமதிப்புக்குரியவருடன் தொடர்பு கொள்வதில் பெருமகிழ்ச்சி, ஏதேனும் வாய்ப்பிருந்தால் தயைகூர்ந்து அறியத்தாருங்கள் என்பதே அவற்றின் சாரம். வாசித்தபோதெல்லாம் பழைய பெட்டிசங்களின் நினைவு வந்தது. எந்தப் பெட்டிசத்துக்குப் பதில் வந்தது, எது குப்பைக்கூடைக்குப் போனது என்ற வரலாறு இவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

தோட்டத் தொழிலாளியைப் பற்றி முகமறியாத ஒருவருக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தை அவன் எழுதவில்லை. அது துண்டு எனப்பட்ட காகிதம். ஒரு கங்காணியும் அவனது ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அத்தொகையைச் செலுத்துபவரிடம் இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று ஒரு துரை எழுதிக் கொடுப்பது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி இன்னொரு தோட்டத்துத் துரையைத் தேடிப் போவான். அக்காகிதத்தில் தொழிலாளியின் திறமை இல்லை, விருப்பம் இல்லை, குரலும் இல்லை. கடன் தொகை மாத்திரமே இருந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இரண்டு ஆண்டுகளில் வேறொரு வாசல் திறந்தது. இந்தியாவின் 1922 ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தையும் இலங்கையின் 1923 ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தையும் அடுத்து, இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட் ஒருவர் இங்கு நியமிக்கப்பட்டார். அவரது காரியாலயம் கண்டியில் இருந்தது. தோட்டத்து எல்லைக்கு அப்பால், துரையின் சம்பளத்தில் வாழாத ஓர் அதிகாரிக்குத் தொழிலாளி முறையிடலாம் என்ற நிலை அதனால் வந்தது. துரைமாருக்குக் கட்டளையிடும் அதிகாரம் ஏஜெண்டுக்கு இருக்கவில்லை. விசாரிக்கலாம், தோட்ட நிர்வாகத்துக்கு எழுதலாம், தொழிலாளர் விவகாரத்தைக் கவனித்த கொன்ட்ரோலரின் பார்வைக்குக் கொண்டுவரலாம், இந்திய அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பலாம், அவ்வளவே. ஆகவே அவருக்கு எழுதுபவர் அவரால் செய்யக்கூடிய ஒன்றையே கேட்க வேண்டியிருந்தது.

எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஆட்கள் இருந்தனர். கடைத்தெருவில் பெட்டிசம் எழுதுபவர், தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், கொஞ்சம் படித்த உறவுக்காரப் பையன் என்று யாராவது. இவர்களில் பலர் கையாண்டது கச்சேரிப் பாணி. தயாநிதியும் ஏழைப் பங்காளருமாகிய சமூகத்துக்குத் தாழ்மையுள்ள அடிமை தெண்டனிட்டு எழுதிக்கொள்வது என்று தொடங்கினால் பாதிக் காகிதம் புகழ்ச்சியிலேயே போய்விடும். எஞ்சிய பாதியில் கணக்கப்பிள்ளையின் கொடுமை, லயத்துக் கூரை ஒழுகுவது, அரிசியில் கல், பிள்ளைக்குச் சுகமில்லாதது, ஊருக்குப் போகக் காசில்லாதது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். படிப்பவருக்கு இரக்கம் வரலாம். ஆனால் எதை விசாரிப்பது, யாரிடம் கேட்பது, என்ன செய்தால் இவருக்கு நீதி கிடைக்கும் என்பது விளங்காது. அடிமை என்று தன்னை எழுதிக்கொண்ட பணிவும் உதவவில்லை. அதே சொற்கள் எல்லாக் கடிதத்திலும் இருந்தன.

இந்நிலையை மாற்றிய கருவி சட்டம் தந்த எண்கள் என்பது என் கருத்து. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்க வழிசெய்தது. 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். அற்பத் தொகைதான். எனினும் முறையிடுபவரின் கையில் முதன்முறையாக ஓர் அளவுகோல் வந்து சேர்ந்தது.

ஒரு மாதிரிக்காக நானே அமைத்துக் காட்டுகிறேன். இன்ன தோட்டம், மேற்பிரிவு, இன்ன கங்காணியின் கீழ் கொழுந்து பறிக்கும் பெண் நான். சென்ற மாதம் 24 நாட்கள் பெரட்டுக்குப் போய் வேலை செய்தேன். செக்ரோலில் 20 நாட்களுக்கே பேர் விழுந்திருக்கிறது. 4 நாட்களுக்குரிய 1 ரூபாய் 72 சதம் எனக்குச் சேரவேண்டும். அந்தச் செக்ரோலைப் பார்வையிட்டு விசாரிக்கக் கேட்கிறேன். இவ்வளவே. தயாநிதி இல்லை, தெண்டனும் இல்லை. ஆயினும் இதை வாசிக்கும் அதிகாரி சும்மா இருப்பது கடினம். கேட்பவர் யார் என்பது தெரிகிறது, நடந்தது என்ன என்பது தெரிகிறது, சரிபார்க்க வேண்டிய புத்தகம் எதுவென்றும் தெரிகிறது. அவர் செய்யவேண்டிய காரியமும் ஒன்றே ஒன்றுதான்.

முப்பதாண்டுக் காலம் பத்திரிகை ஆசிரிய பீடத்தில் இருந்து தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களை வாசித்தவன் என்ற முறையிலும் இதை உறுதியாகச் சொல்வேன். எங்கள் துயரத்தை உலகறியச் செய்யுங்கள் என்று வந்த கடிதங்கள் எத்தனையோ. அவை எங்களைக் கலங்க வைத்தன. மறுநாள் செய்தியாக மாறியவை சிலவே. இன்ன பிரிவின் பிள்ளைக் காம்பரா இத்தனை நாட்களாகப் பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு வரியும், விசாரிக்க ஒரு பெயரும் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நிருபர் அன்றே பஸ் ஏறினார்.

இந்த வரலாற்றில் கோ. நடேசய்யரைச் சொல்லாமல் போக முடியாது. தஞ்சாவூர்க்காரர், கணக்கு, வணிகம் பற்றித் தமிழில் நூல்கள் எழுதியவர். இலங்கைக்கு வந்த அவருக்குத் தோட்ட மக்களோடு முன்னறிமுகம் எதுவும் இருக்கவில்லை. அத்துமீறல் சட்டத்தின் துணையோடு வெளியார் நுழையாதபடி அடைக்கப்பட்டிருந்த தோட்டங்களுக்குள், அவர் புடவை வியாபாரியின் வேடத்தில் போய் மக்களின் நிலையைக் கண்டறிந்தார். 1924 இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1925 முதல் 1931 வரை சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் இருந்தார். வாசிக்கத் தெரியாத மக்களை எட்டுவதற்கு அவரும் அவரது துணைவியார் மீனாட்சி அம்மையும் தெரிந்துகொண்ட வழி பாட்டு. மக்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த மெட்டுகளில் உரிமையைப் பாட்டாக்கி, கூட்டங்களில் அம்மை பாடினார். அறியாத ஒருவரை அணுகுபவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அவர் எந்த வடிவில் சொன்னால் காது கொடுப்பார் என்பது. அதை இத்தம்பதியர் நன்றாக அறிந்திருந்தனர்.

நடேசய்யர் இன்னொன்றையும் அறிந்திருந்தார். ஒற்றை ஆளின் பெட்டிசம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், எழுதியவர் யாரென்று தெரிந்ததும் பற்றுச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டுத் துரத்த நிர்வாகத்தால் முடியும். 1931 இல் ஹட்டனில் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய பின்னர், சங்கத்தின் பெயரிலும் கடிதம் போகலாயிற்று. கேட்கப்பட்ட விடயம் பழையதுதான். ஆனால் பதில் எழுதாமல் இருப்பதற்கு இப்போது ஒரு விலை இருந்தது.

எழுத்தின் எல்லை எது என்பதையும் மலையக வரலாறே காட்டுகிறது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் அவர்கள் விண்ணப்பிக்கவேண்டி வந்தது. 1946 ஜனவரி 1 க்கு முன்னர் விவாகமானவர் 7 ஆண்டுகளும் மற்றவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆரம்பத்தில் இதைப் பகிஷ்கரித்து, பின்னர் விண்ணப்பிக்கத் தீர்மானித்தது. 1951 ஆகஸ்ட் 5 ஆம் திகதி காலக்கெடு முடிந்தபோது ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் அடங்கியோர் 8 லட்சத்துக்கும் அதிகம். இலங்கை வரலாற்றில் முகமறியாத அதிகாரிகளுக்கு ஒரு சமூகம் எழுதிய மிகப் பெரிய கடிதக் குவியல் இதுவாகத்தான் இருக்கும். பல ஆண்டுகள் நீடித்த விசாரணையின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

எழுதத் தெரியாததாலா மற்றவர்கள் தோற்றனர்? இல்லை. ஆதாரம் தேடிப் போக வேண்டியவர்கள் அவர்கள். ஆதாரப் புத்தகங்கள் இருந்ததோ பெரும்பாலும் தோட்டக் கந்தோரில். 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸின் 7 பேர் பாராளுமன்றம் சென்றனர். வாக்குரிமை பறிபோனபின் 1952 இல் ஒருவர்கூட இல்லை. கடிதத்துக்குப் பின்னால் நின்ற வாக்கு போனதும் கடிதத்தின் கனமும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, எவரும் அம்மக்களைக் கேட்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழிதிறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். லிங்க்ட்இன் தளம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

இதனாலேயே இன்றைய பிள்ளைகளின் செய்தி எனக்கு வெறும் வேலை தேடும் விடயமாகப் படவில்லை. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், யாரோ ஒருவர் கொடுத்தனுப்பும்போது கைக்கு வருவது பல தோட்டங்களில் பல தலைமுறைகளின் அனுபவம். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்தபின் கிடைத்த கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. கைபேசியில் வரும் பதிலை எந்தக் கந்தோரும் தடுத்து வைக்க முடியாது. அப்படிக் கிடைத்த வாசலில் நின்று தயாநிதி என்று தொடங்குவது வீண்.

அத்தளத்தில் அறிமுகக் குறிப்புக்குக் கிடைப்பது சில நூறு எழுத்துகளே. அதில் நான்கு விடயங்கள் இருந்தால் போதும். நீங்கள் யார் என்பது ஒரு வரியில். நூறு பேரை விட்டுவிட்டு இவருக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்பது ஒரு வரியில். அவர் செய்த வேலையை உண்மையாகவே வாசித்திருந்தால் மாத்திரமே அதை எழுத முடியும். நீங்கள் செய்ததில் அவர் திறந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்று. கடைசியாக, அவரது அதிகாரத்துக்குட்பட்ட ஒரே ஒரு சிறிய வேண்டுகோள். வேலை தாருங்கள் என்று கேட்டால், தரும் அதிகாரம் அவருக்கு இல்லாமலே இருக்கலாம். இத்துறையில் நுழைபவர் முதலில் எதைக் கற்கவேண்டும் என்று கேட்டால், பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்குமேல் வேண்டாம்.

ஊரின் பெயரை மறைக்கவும் வேண்டாம். பிறந்த தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டுக் கண்டி என்றோ கொழும்பு என்றோ எழுதும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களின் தயக்கமும் தெரியும். இரக்கம் தேடி அதை எழுதச் சொல்லவில்லை. கண்டிக் காரியாலயத்துக்கு எழுதிய பெண் தன் தோட்டத்தையும் பிரிவையும் எழுதாமல் இருந்திருந்தால், அவளுடைய 1 ரூபாய் 72 சதத்தை எந்தச் செக்ரோலில் தேடியிருப்பார்கள்?

அடுத்த முறை எனக்கு அனுப்பும் பிள்ளைகள், முதலில் பெயரையும் கடைசியில் வேண்டுகோளையும் எழுதிவிட்டு, நடுவில் இருப்பதில் எதெல்லாம் இல்லாமல் முடியும் என்று தாமே ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பட்டும். மீதியைச் சேர்ந்து திருத்துவோம்.