முற்றிய புரை: ஒரு சொல்லும் மூன்று நூற்றாண்டு அறுவை மருத்துவமும்

“புரை இன்னும் முற்றவில்லை, முற்றியபின் அறுத்துக்கொள்ளலாம்” என்னும் பேச்சைத் தமிழகத்தில் இன்றும் கேட்கலாம். இதனை வெறும் அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. ஒரு காலத்தில் கண் மருத்துவர்களே கூறிய அறிவுரை இது. அறுவை முறை மாறிய பின்னும் சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

சுசுருத சம்ஹிதை கூறும் பழைய முறையில் புரை வெளியே எடுக்கப்படுவதில்லை. ஊசி போன்ற கருவியால் அது பார்வைப் பாதையிலிருந்து கண்ணுக்குள்ளேயே தள்ளப்பட்டது. ஐரோப்பியரும் நெடுங்காலம் இதனையே செய்தனர். புரை என்பது கண்வில்லைக்கு முன்னே படியும் ஆடை என்றே அவர்கள் நம்பினர். ஒளி மங்கிய கண்வில்லையே புரை என்பதை 1705-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ பிணக்கூறாய்வு வழியே காட்டினார்.

தள்ளும் முறையின் விளைவுகள் சென்னையில் விரிவாகப் பதிவாயின. 1819-இல் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை பின்னாளில் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், நாட்டு மருத்துவர்களால் புரை தள்ளப்பட்டு வந்த கண்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1917-இல் லண்டனில் அம்முடிவுகளை உரைகளாக வழங்கினார். தள்ளியவுடன் பார்வை தெளிந்ததுபோல் தோன்றினாலும், பின்னர் கிருமித்தொற்றும் அழற்சியும் கண்ணீர் அழுத்த நோயும் பல கண்களைக் குருடாக்கின என்பதே அவர் கண்டது.

புரையை வெட்டி வெளியே எடுக்கும் முறையை 1747-இல் ஜாக் டேவியல் தொடங்கினார். ‘முற்றுதல்’ இம்முறையிலும் மருத்துவப் பொருள் கொண்டிருந்தது. முற்றாத புரையை எடுத்தால் கண்வில்லையின் மென்மையான புறணிப்பகுதி உள்ளே தங்கும். அது ஊதிப் பெருத்து அழற்சியை உண்டாக்கும். முற்றிய புரையோ எளிதில் முழுமையாக வெளிவரும். ஆகவே காத்திருத்தல் அன்று அறிவுடைமையாக இருந்தது.

1949-இல் ஹரால்டு ரிட்லி செயற்கைக் கண்வில்லையைப் பொருத்தினார். 1967-இல் சார்லஸ் கெல்மன் மீயொலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சும் முறையை அறிமுகப்படுத்தினார். இங்கே பழைய விதி தலைகீழாயிற்று. புரை எவ்வளவு கடினமோ, அதனை நொறுக்க அவ்வளவு மிகுதியான மீயொலி ஆற்றல் வேண்டும். ஆற்றல் மிகுந்தால் கருவிழியின் உட்புற உயிரணுக்கள் அழியும். அறுவைக்குப் பிந்தைய அழற்சியும் கூடும். அளவுக்கு மிஞ்சி முற்றிய புரையிலிருந்து கசியும் புரதம், அறுவைக்கு முன்பே அழற்சியையும் கண்ணழுத்தத்தையும் தோற்றுவிக்க வல்லது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தது ஃபெம்டோநொடி லேசர். 2008-இல் புடாபெஸ்டில் சோல்தான் நாஜ் இதனை மனிதக் கண்ணில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். லேசர் முன்னதாகவே புரையைத் துண்டாக்குவதால் மீயொலியின் தேவை குறைகிறது. ஆயினும் லேசரே கண்ணின் முன்னறை நீரில் புரோஸ்டாகிளாண்டின் அளவை உயர்த்துகிறது. இதனால் அறுவையின் நடுவே பாவை சுருங்கக்கூடும். அதனைத் தடுக்கவே அழற்சி எதிர்ப்புச் சொட்டு மருந்து முன்கூட்டியே இடப்படுகிறது. ஓர் அழற்சிக் காரணியைக் குறைக்க வந்த கருவி மற்றொன்றைக் கொணர்ந்தது. 2020-இல் வெளியான பிரெஞ்சு, பிரித்தானியப் பெரும் ஆய்வுகள் இரண்டும் வழக்கமான மீயொலி முறையைவிட லேசர் மேம்பட்டதெனக் காணவில்லை. செலவுக்கேற்ற பயனையும் காணவில்லை.

தமிழகம் இவ்வரலாற்றில் வேறொரு வழியையும் காட்டியது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாத சிறுகீறல் அறுவையைப் பேரளவில் செய்தது. கடின உட்கருவை நொறுக்காமல் முழுதாக எடுப்பதால் முற்றிய புரைக்கு அம்முறை பொருந்தியது. 1992-இல் தொடங்கிய அரோலேப் செயற்கைக் கண்வில்லையின் விலையைக் குறைத்தது.

முற்றிய புரைக்கும் இன்று மருத்துவம் உண்டு. எனினும் முற்றும்வரை காத்திருக்க மருத்துவக் காரணம் இல்லை. பழைய அறுவை முறைகளுக்குரிய ஒரு விதி, அம்முறைகள் மறைந்தபின்னும் மக்கள் வழக்கில் வாழ்கிறது. அதற்கான விலையைக் காத்திருக்கும் கண்களே கொடுக்கின்றன.