திரைக்கு அப்பால் ஒலிக்கும் நாதம்

செம்பவாங் கடற்படைத் தளம் 1938இல் திறக்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய தமிழர்களின் வழிபாட்டில் வேரூன்றிய புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இன்று யீஷூனில் சிறப்புற விளங்குகிறது. முருகன் சந்நிதியில் ஒலிக்கும் நாதஸ்வரத்தை மங்கல ஒலி என்று மட்டும் எண்ணிக் கடந்து செல்வோர் பலர். அது மாபெரும் ராக இசையுமாகும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்த தோடி ராகம் இசைத்தட்டு வழியே எங்கும் பரவியது. இந்தியா விடுதலை பெற்ற 1947இல் டெல்லி விழாவிலும் அவரது நாதம் முழங்கியது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் அவர் வாசித்த நாதஸ்வரம் பட்டிதொட்டியெல்லாம் புகழ்பெற்றது. ஆயினும் அந்த ஒரு பாடலால் அவரை அறிந்தோர் பலர். அவர் விரிவாக வாசித்த ராகங்களைக் கேட்டோர் சிலரே. 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் மறைந்தார். எஞ்சிய ஒலிப்பதிவுகளை ரசிகர் ஒருவர் மற்றவருக்கு அளித்தே அக்கலையைக் காத்து வருகின்றனர்.

அன்பர்களே! நல்லிசை தானாக நம்மைத் தேடி வருவதில்லை. கேட்டவர் சொல்லியே கேளாதவர் அறிகின்றனர். இவ்விழாவில் வாசிக்கும் கலைஞரை அணுகி, இது என்ன ராகம் என்று நம் பிள்ளைகள் வினவட்டும். அவ்வினா தொடரும்வரை நாதமும் தொடரும்.