மெம்பிசு நகரவையும் 1968-ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்

தெருக்களைத் தூய்மையாகப் பேணுதல் நகராட்சியின் தலையாய கடமை என்பர். அக்கடமையை ஆற்றும் தொழிலாளர்க்கும் நகரவைக்கும் உள்ள உறவோ வரலாற்று நூல்களில் அருகியே பேசப்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்னசி மாநிலத்து மெம்பிசு நகரில் 1968-இல் நிகழ்ந்த துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவ்வுறவினை ஆராய்தற்கு ஏற்றதொரு களமாகும். மார்ட்டின் லூதர் கிங் உயிர் துறந்த நிகழ்ச்சியோடு இணைத்தே பலரும் அதனை அறிவர். யாம் ஈண்டு நகரவையின் செயலையும், தொழிலாளர் ஏந்திய ஒரு தொடரின் பொருளையும் மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

அவ்வாண்டு சனவரித் திங்களில்தான் அந்நகரின் ஆட்சிமுறை மாறிற்று. ஆணையர் சிலரே ஆண்ட பழைய முறை நீங்கி, மேயர் ஒருவரும் 13 உறுப்பினர் கொண்ட நகரவையும் பொறுப்பேற்றனர். உறுப்பினருள் மூவர் கறுப்பர். மேயராக வந்த என்றி உலோப் முன்னரே பொதுப்பணித் துறையின் ஆணையராக இருந்தவர்; ஆதலின் துப்புரவுப் பணியின் இயல்பினை அறியாதவர் அல்லர். ஆட்சித்துறை மேயருடையது, சட்டமும் வரவுசெலவும் அவையுடையன என்ற பிரிவினை காகிதத்தில் தெளிவாகவே இருந்தது. தொழிலாளரோடு ஒப்பந்தம் செய்தல் இவற்றுள் எதன்பாற்படும் என்பதே பின்னர் எழுந்த வினா.

பிப்பிரவரி முதல் நாள் பெய்த மழைக்குக் குப்பை வண்டியின் பின்புறத்தே ஒதுங்கி நின்ற எக்கோல் கோல், இராபர்ட்டு வாக்கர் என்னும் தொழிலாளர் இருவரும், குப்பையை நெருக்கும் பொறி திடுமென இயங்கியதால் நசுங்கி மாண்டனர். அதற்குச் சில நாள் முன்னர், மழையைக் காரணங்காட்டிச் சாக்கடைப் பிரிவுக் கறுப்பர் ஊதியமின்றி வீட்டிற்கு அனுப்பப்பட, வெள்ளை மேற்பார்வையாளர் ஊதியம் பெற்றிருந்தனர். ஒரே மழை ஒரு சாராரின் கூலியைப் பறித்தது. இருவரின் உயிரையும் கொண்டது. பிப்பிரவரி 12-ஆம் நாள் ஏறத்தாழ 1,300 பேர் பணிக்கு வரவில்லை.

அவர்கள் கேட்டவை பெரியன அல்ல: சங்கத்தை ஏற்றல், சங்கக் கட்டணத்தைச் சம்பளத்திற் பிடித்துத் தருதல், ஊதிய உயர்வு, பழுதற்ற வண்டிகள். பொதுப்பணியாளர் வேலைநிறுத்தத்திற்கு எதிராக 1966-இல் நீதிமன்றம் பிறப்பித்திருந்த தடையாணையை மேயர் தம் அரணாகக் கொண்டார். தெருக்களிற் குப்பை குவிந்தது. வெள்ளைக் குடிமக்கள் பலர் மேயரின் உறுதியைப் பாராட்டினர். கறுப்பரோ நகர்நடுக் கடைகளைப் புறக்கணித்தனர். தெருவின் தூய்மை பற்றிய கவலை இருசாரார்க்கும் பொதுவே; அதற்கு யார் விடையிறுக்க வேண்டும் என்பதிலேதான் நகரம் இரண்டாகப் பிரிந்தது.

பிப்பிரவரி 22-ஆம் நாள் நகரவையின் பொதுப்பணிக் குழு கூடியது. தலைவர் பிரெட் டேவிசு என்னும் கறுப்பர். தொழிலாளர் நூற்றுக்கணக்கில் அவைக்கூடத்தை நிறைத்து அங்கேயே உணவு சமைத்து உண்ணத் தலைப்பட்டனர் எனல் மிகை. ரொட்டியும் இறைச்சித் துண்டும் வைத்துப் பகிர்ந்துண்டனர் என்பதே உண்மை. சங்கத்தை ஏற்கப் பரிந்துரைப்பதாகக் குழு அன்று இசைந்தது. மறுநாள் கூடிய முழு அவையோ அப்பரிந்துரையை விடுத்து, பொறுப்பினை மேயரிடமே தள்ளும் வேறொரு தீர்மானத்தை நிறைவேற்றிக் கலைந்தது. ஏமாற்றத்துடன் ஊர்வலம் சென்றோர்மீது காவலர் கண்ணெரி மருந்தினைத் தெளித்தனர். அவைக்கு அதிகாரமில்லை என்ற வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் ஒரே நாளில் அது நினைவிற்கு வந்தமை, அஞ்சினார் கண்ட புகலிடம் அதுவெனக் கருதவே இடந்தருகின்றது.

இனி அத்தொடர். தொழிலாளர் ஏந்திய பலகைகளில் 'நான் மனிதன்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் எழுதப்பட்டிருந்தது. தமிழில் 'நான் ஒரு மனிதன்' எனப் பெயர்ப்பது வழக்கம். அது போதாது என்பது எம் கருத்து. அங்கே முதிர்ந்த கறுப்பரையும் 'பையா' என விளித்தல் வெள்ளையர் வழக்கு. பையனும் உயர்திணையே, ஆகவே மனிதன் என்ற சொல் மட்டும் அவ்விளியை மறுக்காது. ஆண்டு நிரம்பிய ஆடவன் என்னும் பொருளும் அவ்வாங்கிலச் சொல்லில் உண்டு. மேலும், பலகையில் வினைச்சொல்லின்கீழ்க் கோடிடப்பட்டிருந்தது. தமிழில் அவ்வழுத்தத்தைத் தருவது தேற்றேகாரம். 'மனிதனே நான்' என்றால் மறுத்தவன் ஒருவன் எதிரே நிற்பது புலனாகும். (நரைத்த தலையினரைத் தொழில் கருதி ஒருமையில் விளிக்கும் வழக்கினை நம் ஊர்களிற் கேட்டறிந்தார்க்கு விளக்கம் வேண்டா.)

ஏப்பிரல் 4-ஆம் நாள் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னரே பேச்சு விரைந்தது. ஏப்பிரல் 16-ஆம் நாள் உடன்பாட்டினை நகரவை ஏற்றது. சங்கம் ஏற்கப்பட்டது, ஊதியம் மணிக்கு 15 செண்டு, இரு தவணையாக, உயர்ந்தது. கட்டணப் பிடித்தம் நேரே நகராட்சியால் அன்றித் தொழிலாளரின் கடன் கூட்டுறவு வழியாகச் செய்யப்பட்டது. பிப்பிரவரி 22-இல் குழு இசைந்ததற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை சிறிதே.

தீயணைப்போரும் காவலரும் 1978-இல் வேலைநிறுத்தம் செய்த பின்னர், பேச்சு முறியுமிடத்து இரு தரப்பின் இறுதிக் கோரிக்கைகளுள் ஒன்றை நகரவையே தெரிந்தெடுக்கும் முறை அங்கு விதியாயிற்று. 1968-இல் அவை ஏற்க மறுத்த பொறுப்பு இவ்வாறு அதன் தலைமேலேயே வந்தமர்ந்தது. அன்றைய தொழிலாளர் நகராட்சி ஓய்வூதியத் திட்டத்தின் புறத்தே நின்றமையால் முதுமையிலும் உழைக்க நேர்ந்தது. எஞ்சியிருந்த 14 பேருக்கு நகராட்சி நன்கொடை வழங்க முன்வந்தது 2017-இல். வேலைநிறுத்தம் முடிந்து 49 ஆண்டுகள் கழிந்திருந்தன.