நெல்லும் வாளும் – 14: ஒரே ஆடி மாதம்

ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே போனால் கடல் வரும். அங்கே மல்லிப்பட்டினத்துக்கு அருகில், அலையைப் பார்த்தபடி எட்டு அடுக்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 75 அடி. மினார் என்ற சொல் நம் ஊர் வாயில் திரிந்து மனோரா ஆயிற்று. கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் நினைவுகூரவே இதை எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் கல்லில் உள்ள ஆண்டு 1814. வாட்டர்லூ சண்டை நடந்ததோ 1815 ஜூனில். நெப்போலியன் முதன்முறை பதவி துறந்து எல்பா தீவுக்குப் போன ஆண்டுதான் மனோராவின் ஆண்டு.

பிரான்சில் ஒருவர் அரியணை இழந்ததற்கு நம் மீனவர் கரையில் ஏன் கோபுரம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு கேள்வியில் போய் நிற்போம். எந்தப் போரை உலகப் போர் என்பது?

பள்ளிப் புத்தகம் இரண்டைச் சொல்கிறது. 1914, 1939. எத்தனை நாடுகள் சேர்ந்தன, எத்தனை பேர் மாண்டார்கள் என்பதே அங்கே கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு போதவில்லை. தொலைவும் போதாது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் வரை போயின. அதை உலகப் போர் என்று நாம் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அது ஒரு பேரரசின் நீண்ட கை. கடாரத்தில் நடந்தது வேறொரு கண்டத்துச் சண்டையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளவில்லை.

முடிச்சுதான் அளவுகோல் என்பது என் எண்ணம். ஓரிடத்துச் சண்டைக்கு இன்னோர் இடத்துக் களம் எரிய வேண்டும். ஓரிடத்தில் பிடித்த கோட்டையைக் கொடுத்து இன்னோர் இடத்துக் கோட்டையை வாங்க முடிய வேண்டும். கடைசியில் ஒரே உடன்படிக்கை எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால் தஞ்சை மண் 1914க்கு வெகு முன்பே உலகப் போரைப் பார்த்துவிட்டது.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, வட அமெரிக்கக் கரையில் இருந்த லூயிபூர் என்ற பிரெஞ்சுக் கோட்டையை ஆங்கிலேயர் தரப்பு பிடித்திருந்தது. மீன்பிடிக் கடலைக் காவல் காக்கும் கோட்டை அது, இன்றைய கனடாவில் இருக்கிறது. 1748இல் ஐரோப்பாவில் சமாதானம் பேசியபோது லூயிபூர் பிரான்சுக்குத் திரும்பியது, சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. ஒரு கோட்டைக்கு ஒரு கோட்டை, பண்டமாற்று. சென்னையில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாண்டு கழித்து முடிச்சு இன்னும் இறுகியது. ஏழாண்டுப் போர் என்று அதற்குப் பெயர், 1756 முதல் 1763 வரை. தன் வரலாற்று நூலில் அந்தப் போரைச் சொல்லும் அத்தியாயத்துக்கே சர்ச்சில் 'முதல் உலகப் போர்' என்று தலைப்பு வைத்தார். அந்தப் போரில் ஒரே ஒரு மாதத்தை மட்டும் இங்கே பார்க்கலாம். 1758, ஆடி மாதம். காவிரியில் புது வெள்ளம் வரும் காலம்.

பிரெஞ்சுத் தளபதி லாலி அந்த ஏப்ரலில்தான் புதுச்சேரி வந்து இறங்கினார். ஜூன் தொடக்கத்தில் கடலூர்ப் பக்கம் இருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்துச் சென்னை மேல் போக ஆசை, ஆனால் கையில் காசில்லை. தஞ்சை மன்னர் எழுதித் தந்த பழைய பத்திரம் ஒன்று இருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் 1749இல் தஞ்சையை முற்றுகையிட்டு மிரட்டி எழுதி வாங்கியது. அதில் 56 லட்சம் ரூபாய் பாக்கி என்று சொல்லிக்கொண்டு லாலி படையோடு புறப்பட்டார். பசித்த படை வழியெல்லாம் சூறையாடியது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார்கள். அங்கிருந்த அந்தணர் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கீழ்வேளூர் அக்கிரகாரத்துக்கும், ஐரோப்பாவில் அதே போரில் இறங்கிய பிரஷ்யா மன்னர் பிரெடரிக்கின் எல்லைச் சண்டைக்கும் என்ன உறவு? அந்த ஊர்க்காரர்கள் சாகும்வரை அறிந்திருக்க மாட்டார்கள்.

லாலி தஞ்சைக் கோட்டை முன் பாசறை போட்டுப் பிரதாபசிங்க மன்னரோடு பேரம் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜூலை 26 அன்று, லூயிபூர் மறுபடியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் 3 அன்று காரைக்காலை ஒட்டிய கடலில் இரு நாட்டுக் கப்பற்படைகளும் மோதின. பிரெஞ்சுக் கப்பல்கள் அடிபட்டு விலகின. அந்தச் செய்தி தஞ்சைப் பாசறைக்கு எட்டியபோது லாலியிடம் வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 10 வாக்கில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பி நடந்தார். தஞ்சைக் குதிரைப்படை பின்னாலேயே விரட்டியது. ஒரே ஆடி மாதம்; கனடாக் கரை, காரைக்கால் கடல், தஞ்சைக் கோட்டை மதில் என்று மூன்று இடங்களில் ஒரே போர் நடந்திருக்கிறது. இதை நாம் 'மூன்றாம் கர்நாடகப் போர்' என்று ஒரு சிறு பெட்டிக்குள் அடைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பெயர் பொய்யல்ல, ஆனால் பாதியை மறைக்கிறது.

1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார், 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. 1763இல் பாரிசில் எழுதிய உடன்படிக்கையில் ஒரு பிரிவு இப்படிச் சொன்னது: கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலியே. ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதைப் பாரிசில் எழுதினார்கள்! அந்த நவாப்தான் பிறகு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து, 1773இல் தஞ்சையைப் பிடித்துத் துளஜாஜி மன்னரைச் சிறை வைத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகே அரசு அவரிடம் திரும்பியது.

தஞ்சைக் குடியானவர் மேல் இடி விழுந்தது அதற்கும் பிறகு. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளம்பின. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. உடனே கம்பெனிப் படை இங்கே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியையும், 1779இல் மாஹேயையும் பிடித்தது. மாஹே தன் பாதுகாப்பில் உள்ளது என்று மைசூரை ஆண்ட ஐதர் அலி முன்பே எச்சரித்திருந்தார். 1769இல் ஒப்புக்கொண்ட உதவியைக் கம்பெனி செய்யவில்லை என்ற பழைய ஆத்திரமும் அவருக்கு இருந்தது. 1780இல் மலையிறங்கி வந்தார், 1781இல் தஞ்சை நாட்டுக்குள் அவர் படை புகுந்தது.

மாடுகளை ஓட்டிப் போனார்கள், ஊர்களை எரித்தார்கள், பிள்ளைகளையும் பிடித்துப் போனார்கள். விதைக்க ஆளில்லை. கோட்டைக்குள் பட்டினி. வெளியூர்களில் நெல் இருந்தும் யாரும் கொண்டுவரவில்லை, அதிகாரிகள் விலை கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை செத்திருந்தது. அப்போது ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், நான் பொறுப்பு, காசு என் கையால் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் சொல்லை நம்பி ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் என்றால் என்ன என்று தெரிந்த தஞ்சாவூர்க்காரருக்கு அந்த எண்ணின் கனம் தெரியும். எத்தனை உயிர் அதில் நின்றது!

ஹாலந்தும் அந்தப் போரில் இழுபட்டதால் டச்சுக்காரர்களின் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் 1781 நவம்பரில் பிடித்தார்கள். 1782 பிப்ரவரியில் கொள்ளிடம் பக்கம் ஐதர் அலியின் மகன் திப்பு, ஆங்கிலேயரின் கர்னல் பிரெய்த்வைட்டின் படையைச் சுற்றி வளைத்துச் சிறைப்பிடித்தார். அதே ஆண்டு ஜூலையில் நாகப்பட்டினக் கடலில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் ஆங்கிலக் கப்பல்களோடு மோதினார். 1783 ஜூனில் கடலூரில் தரையிலும் கடலிலும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிப் பல மாதங்கள் கடந்திருந்தன. செய்தி கப்பலில் வர வேண்டுமே. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெரிய சண்டைகள் கடலூரில் நடந்தன என்பதை அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும், நம் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

இந்த வரிசையில் அடுத்ததுதான் நெப்போலியன். 1798இல் அவர் எகிப்தில் இறங்கியபோது, திப்புவோடு கைகோத்துவிடுவார் என்று கம்பெனி பதறியது. 1799 மே மாதம் சீரங்கப்பட்டணத்தில் திப்பு மாண்டார். அதே ஆண்டு சரபோஜி கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. மன்னருக்குக் கோட்டையும் சுற்றுப்புறமும், வருமானத்தில் ஒரு பங்கும் மிஞ்சின. மனோராவில் நெப்போலியனின் வீழ்ச்சியைப் பதிந்தவர், அதே போரின் சுழலில் தன் நாட்டை ஏற்கெனவே கொடுத்திருந்தவர். அந்தக் கல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இளவயதில் அவரைக் காத்து, படிக்க வைத்தவரும் அதே சுவார்ட்ஸ் பாதிரியார்தான்.

நாடு போன பிறகும் சரபோஜி ஒன்றை விடவில்லை. தஞ்சையிலிருந்து சேதுவுக்கு யாத்திரை போகும் பாதையில், ஒரத்தநாட்டில் 1802இல் முத்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினார். யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல முகப்பு அமைந்த கட்டடம் அது. சத்திரங்களுக்கு விட்ட நிலங்களில் கை வைக்க வேண்டாம் என்று அதற்கு முந்தைய ஆண்டே கம்பெனியின் தஞ்சைப் பிரதிநிதிக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளை பெற்றவளுக்குப் பராமரிப்பு, அனாதைக் குழந்தைக்குப் படிப்பு என்று அதுவரை இருந்த சத்திரங்களில் நடந்த தர்மங்களை ஒவ்வொன்றாக அதில் விவரித்தார்.

அடுத்த வாரம்: 1942. ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது, தஞ்சைக் களத்துக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தது.