ஒரு டைரக்டரியை இடம் மாற்றுவது: யுனிக்ஸ் பட்ட பாடு

கணினியில் ஒரு ஃபோல்டரை இழுத்து இன்னொரு ஃபோல்டருக்குள் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே டிஸ்க் என்றால் ஒரு நொடிகூட ஆகாது. உள்ளே பத்துக் கோப்புகள் இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் அதே நேரம்தான். ஏனென்றால் அங்கே எதுவுமே நகர்வதில்லை. ஓரிடத்தில் ஒரு பெயர் அழிக்கப்படுகிறது, வேறோர் இடத்தில் அதே பெயர் எழுதப்படுகிறது. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன வேலையைப் பத்திரமாகச் செய்துமுடிக்க யுனிக்ஸ் 1969 முதல் 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுமார் 14 ஆண்டுகள்!

கதை யுனிக்ஸுக்கு முன்பே, மல்டிக்ஸில் தொடங்குகிறது. எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய இயங்குதளம் அது. அதன் கோப்பு முறை எப்படி இருக்க வேண்டும் என்று டேலி, நியூமன் இருவரும் 1965-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். டைரக்டரிகள் மரம் போல அமைந்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே ஒரு டைரக்டரியில்தான் உண்மையான பதிவு. அதற்குக் கிளை என்று பெயர். வேறு இடத்திலிருந்தும் அந்தக் கோப்பு தெரிய வேண்டுமானால் அங்கே ஒரு லிங்க் போட்டுக்கொள்ளலாம். அந்த லிங்க்கில் கோப்பு கிடையாது, கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். வீடு காலியானாலும் முகவரிச் சீட்டு கையில் இருப்பது போல, கோப்பு போனாலும் லிங்க் மிச்சமிருக்கும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் வரும்.

1969-ல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகியது. அங்கே இருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் ஒரு பழைய பிடிபி-7 கணினியில் தங்களுக்கென்று ஓர் இயங்குதளம் எழுதத் தொடங்கினார்கள். அதில் கோப்பு வேறு, பெயர் வேறு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண். அந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் அந்த எண்ணின் கீழ் பதிவாகியிருக்கும். டைரக்டரி என்பது பெயரையும் எண்ணையும் ஜோடி ஜோடியாக எழுதிவைத்த பட்டியல், வேறொன்றுமில்லை. ஒரே எண்ணை இரண்டு பட்டியல்களில் எழுதினால் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்கள். இதில் எது அசல், எது நகல் என்ற கேள்விக்கே இடமில்லை. யுனிக்ஸில் லிங்க் என்றால் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் யுனிக்ஸில் பாதைப்பெயர் கிடையாது. சாய்கோடு போட்டு 'இதற்குள் அது, அதற்குள் இது' என்று சொல்ல முடியாது. நடப்பு டைரக்டரியில் இருக்கும் பெயரை மட்டுமே சொல்லலாம். வேறொருவரின் கோப்பு வேண்டுமென்றால்? எல்லாப் பயனர்களின் டைரக்டரிகளையும் பட்டியலிட்ட 'டிடி' என்ற ஒரு பொது டைரக்டரி இருந்தது. முதலில் டிடி வழியாகக் கென்னின் டைரக்டரிக்கு நம் இடத்தில் ஒரு லிங்க் போட வேண்டும். அதன் வழியாக அவருடைய கோப்புக்கு ஒரு லிங்க். பிறகு வேலை முடிந்த முதல் லிங்க்கை அழிக்க வேண்டும். ஒரு கோப்பை எடுக்க மூன்று கட்டளைகள்!

இதற்கு ஒரு விளைவு உண்டு. டைரக்டரிக்கே லிங்க் போட அனுமதி இருந்ததால் மொத்த அமைப்பும் மரமாக இல்லை. எதிலிருந்து எதற்கு வேண்டுமானாலும் கோடு போகலாம், வட்டமும் அடிக்கலாம். அப்படியும் குழப்பம் வந்து யாரும் தவித்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. உள் டைரக்டரிகளைப் பயன்படுத்துவது அவ்வளவு சிரமமாக இருந்ததால் யாரும் அவற்றைத் தொடவே இல்லை. போதாக்குறைக்கு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது புது டைரக்டரி உருவாக்கவே வழியில்லை. காகித நாடாவிலிருந்து கோப்பு முறையை மறுபடி முழுதாகக் கட்டும்போதுதான் உருவாக்க முடியும்.

பிடிபி-11 கணினிக்கு மாறி, 1971-ல் முதல் கையேடு வந்தபோது பாதைப்பெயர்களும் வந்துவிட்டன. டைரக்டரிகள் பெருகின. சிக்கலும் இங்கேதான் ஆரம்பம்.

ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் இரண்டு பெயர்கள் தாமாக இருக்கும். ஒற்றைப் புள்ளி என்றால் 'நான்'. இரட்டைப் புள்ளி என்றால் 'என் தாய் டைரக்டரி'. மேலே ஏறிப்போக இது மிக வசதி. ஆனால் இப்போது ஒரே உறவு இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. தாயின் பட்டியலில் பிள்ளையின் பெயர், பிள்ளையின் பட்டியலில் தாயின் எண். கோப்பை இடம் மாற்றினால் ஒரு பக்கம் திருத்தினால் போதும். டைரக்டரியை மாற்றினால் இரண்டு பக்கமும் திருத்த வேண்டும். பாதியில் நின்றால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது.

டைரக்டரிக்கு இரண்டாவது லிங்க் போடுவதும் இதனால்தான் ஆபத்தானது. இரண்டு தாய்கள் இருந்தால் இரட்டைப் புள்ளி எதைக் காட்டும்? 'பாடம்' என்ற டைரக்டரிக்குள் 'கணக்கு', கணக்குக்குள் மறுபடி பாடத்துக்கு ஒரு லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்த் தேடும் நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம், வெளியிலிருந்து பாடத்துக்கு இருந்த பெயரை அழித்துவிட்டால் நடப்பது. யுனிக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணி வைக்கும். எண்ணிக்கை பூஜ்யம் ஆனால்தான் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இங்கே பாடமும் கணக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் எண்ணிக்கை பூஜ்யம் ஆகாது. வேரிலிருந்து போய்ச் சேரவும் வழியில்லை. டிஸ்க்கில் ஒரு தீவு!

ஆகவே டைரக்டரிக்கு லிங்க் போடும் உரிமை சூப்பர் யூசருக்கு மட்டும் என்றானது. ஆனால் சாதாரணப் பயனரும் டைரக்டரி உருவாக்க வேண்டுமே, இடம் மாற்ற வேண்டுமே? கெர்னலில் அதற்குத் தனி வசதி இல்லை. அதனால் 'எம்கேடிஐஆர்', 'எம்வி' போன்ற கட்டளைகளுக்கே சூப்பர் யூசர் அதிகாரம் தரப்பட்டது.

1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் எம்வி நிரல் ஒரு டைரக்டரியை வேறு தாயிடம் மாற்றும்போது செய்தவற்றைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாதையில் எங்காவது இரட்டைப் புள்ளி இருந்தால் 'மன்னிக்கவும், முடியாது' என்று மறுத்துவிடும். போகவேண்டிய இடத்திலிருந்து மேலே ஏறி ஏறிப் பார்த்து, நகர்த்தும் டைரக்டரியே வழியில் எதிர்ப்படுகிறதா என்று சோதிக்கும் (தாயைத் தன் பேரப்பிள்ளைக்குள் போட முடியாதல்லவா?). பிறகு யாரும் குறுக்கே நிறுத்திவிடாதபடி எல்லா சிக்னல்களையும் காதில் வாங்காமல் விட்டுவிடும். அதன்பின் புதுப் பெயர் எழுதும், பழைய பெயரை அழிக்கும், உள்ளிருக்கும் இரட்டைப் புள்ளியை அழிக்கும், புதுத் தாயின் எண்ணோடு மறுபடி எழுதும். நான்கு தனித்தனிப் படிகள்.

சிக்னலைத் தடுக்கலாம், மின்வெட்டைத் தடுக்க முடியுமா? நடுவில் கணினி நின்றால் டைரக்டரிக்கு இரண்டு பெயர் இருக்கும், அல்லது இரட்டைப் புள்ளியே இருக்காது. அதைச் சரிசெய்ய 'டிசெக்', 'ஐசெக்' போன்ற கருவிகளை ஓட்டி, எண்களைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டும். தவறான எண்ணை அழித்தால் யாரோ ஒருவரின் வேலை போச்சு.

மின்சாரம் போகாவிட்டாலும் தொல்லைதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒருவர் 'அ'வை 'ஆ'வுக்குள்ளும் மற்றவர் 'ஆ'வை 'அ'வுக்குள்ளும் நகர்த்தினால்? இருவரின் சோதனையும் தேறிவிடும். அதன்பின் இரண்டும் நகர்ந்து, மறுபடி ஒரு தீவு. எம்கேடிஐஆரின் கதை இன்னும் மோசம். அது முதலில் டைரக்டரியை உருவாக்கி, பிறகு அதன் உரிமையைப் பயனருக்கு மாற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே டைரக்டரியை நீக்கிவிட்டு அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஒரு லிங்க் போட்டால், அந்தக் கோப்பின் உரிமை கைக்கு வந்துவிடும். கணினி பாதுகாப்புப் பாடங்களில் இது பழம்பெரும் உதாரணம்.

1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டி இதற்கு முடிவு கட்டியது. டைரக்டரி உருவாக்குவது, நீக்குவது, பெயர் மாற்றுவது மூன்றையும் கெர்னலே செய்யும்படி தனித்தனி அழைப்புகளாக வைத்தார்கள். இடம் மாற்றுவது ஒரே அழைப்பு, அதற்குள்ளேயே வட்டம் விழாமல் சோதனை. இத்தனை தொல்லை கொடுத்த இரட்டைப் புள்ளிதான் அந்தச் சோதனைக்கும் வழிகாட்டி. அதைப் பிடித்துத்தானே மேலே ஏறிப்போக வேண்டும்!

டைரக்டரிக்கு இரண்டாவது பெயர் வேண்டும் என்ற ஆசைக்கும் அதே 4.2பிஎஸ்டி ஒரு வழி சொன்னது. அதுதான் சிம்பாலிக் லிங்க். முகவரியை மட்டும் எழுதிவைத்த ஒரு சிறு கோப்பு. ஆம், மல்டிக்ஸ் 1965-லேயே சொன்ன அதே முகவரிச் சீட்டு. எண்ணிக்கையில் சேராது, தீவு உண்டாக்காது. அதன் வழியே உள்ளே போய் இரட்டைப் புள்ளியில் மேலே ஏறினால் வந்த இடத்துக்குத் திரும்பாமல் வேறெங்கோ போய் நிற்கும் என்ற குழப்பம் மட்டும் மிச்சம்.

டாஸ் பக்கம் இந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் லிங்க்கே இல்லை. 1981-ன் முதல் பதிப்பில் உள் டைரக்டரிகளே கிடையாது, 1983-ன் இரண்டாம் பதிப்பில்தான் வந்தன. இரண்டு பெயர்கள் ஒரே இடத்தைக் காட்டினால் யுனிக்ஸில் அது வசதி, டாஸில் பிழை.

பழைய சுதந்திரத்தை ஒரு முறை ஆப்பிள் திரும்பக் கொண்டுவந்தது. 2007-ல் வந்த லெப்பர்ட் பதிப்பின் டைம் மெஷின், மாறாத டைரக்டரிகளை மறுபடி நகலெடுக்காமல் அவற்றுக்கே நேரடி லிங்க் போட்டு இடத்தை மிச்சம் பிடித்தது. 2017-ல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறையில் அந்த வசதி இல்லை. லினக்ஸில் சூப்பர் யூசரே கேட்டாலும் டைரக்டரிக்கு நேரடி லிங்க் கிடைக்காது. ஒரு டைரக்டரியை வேறு தாயிடம் மாற்றும்போது அந்தக் கோப்பு முறை முழுவதற்கும் ஒரே பூட்டைப் போட்டு, அதே மாதிரியான இன்னொரு இடமாற்றத்தை வரிசையில் காக்க வைக்கிறது லினக்ஸ்.