நெய்வேலி நமக்குக் கற்பிக்கும் வரலாறு

பள்ளிக்குச் செல்ல இயலாமல், வீட்டிலிருந்தே தனித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் சமுதாயத்தில் உளர். "தொழில்மயமாதல் ஒரு நாட்டை எவ்வாறு மாற்றியது?" என்னும் வினாவுக்கு, ஜேம்ஸ் வாட், மான்செஸ்டர் எனப் பெயர்களை அவர்கள் மனப்பாடம் செய்வர். குறிஞ்சிப்பாடியில் வாழும் பிள்ளைக்கு அவ்வினாவின் விடை கண்ணெதிரே உள்ளது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இங்கிலாந்தை நோக்குவோம். 1769 இல் வாட் தம் நீராவி எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டில், நாடாளுமன்றச் சட்டங்களால் ஊர்ப் பொதுநிலங்கள் பல வேலியிடப்பட்டன. உரிமையைச் சான்றுடன் நிறுவியோர் பங்கு பெற்றனர். பொதுநிலத்தில் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் பிழைத்த ஏழைகளுள் பலர் வெறுங்கையராயினர். குழந்தைகளும் ஆலைகளில் உழைத்தனர். ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளில் அமர்த்தலாகாதென்ற சட்டம் 1833 இல்தான் பிறந்தது. எந்திரம் முன்னே வந்தது. நீதி நெடுங்காலம் கழித்தே வந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள், அது பழுப்பு நிலக்கரி என உறுதிசெய்தன. 1956 இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகையின் அடியிலிருந்து பீறிட முயலும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்தே சுரங்கத்தைக் காக்க வேண்டியிருந்தது. 1961 இல் நிலக்கரி தென்பட்டது. 1962 இல், சோவியத் நாட்டின் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் எந்திரம் இயங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்நிலையம், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒளி வழங்கி 2020 இல் ஓய்வு பெற்றது. முந்திரியும் மணிலாவும் விளைந்த செம்மண்ணில் ஒரு தொழில்நகரம் எழுந்தது.

இம்மாற்றத்தால் யார் என்ன பெற்றனர்? 1894 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நிலத்தின்மேல் உரிமையுடையோர்க்கே இழப்பீடு வகுத்தது. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த நிலமற்ற கூலியாளின் வாழ்வு அதன் கணக்கில் ஏறவில்லை. அவருட் பெரும்பகுதியினர் நம் மக்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக மதிக்கும் நடுவண் சட்டம் 2013 இல்தான் இயற்றப்பட்டது. இடையே கழிந்தவை 119 ஆண்டுகள்!

ஆயினும், தொழில் வளர்ச்சியே வேண்டாமென்பது நம் நிலையன்று. நிலத்தில் அளவுக்கு மிஞ்சித் தேங்கிய மக்களுக்குத் தொழில்மயமே வழியென்று அண்ணல் அம்பேத்கர் 1918 இலேயே எழுதினார். அதே அண்ணல், பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதார் நெசவுப் பிரிவில் சேர்க்கப்படாத கொடுமையை 1928 வேலைநிறுத்தத்தின்போது எடுத்துரைத்தார். இழையை வாயால் தொட நேருமாதலின் தீட்டென்று மறுத்தனராம்! எந்திரம் தானாகச் சாதியை ஒழிக்காது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நெய்வேலியிலும் பயிற்சியும் சான்றிதழும் உடையோர்க்கே நிலையான பணி எளிதாயிற்று. இடஒதுக்கீடு கதவைத் திறந்தது. ஆனால் படித்தவரே அதனுள் நுழைய முடிந்தது. இப்பாடத்தை உணர்ந்தே நம் போன்ற கல்விச் சங்கங்கள் உழைத்து வருகின்றன.

ஆகவே தம்பி, தங்கையரே! தொழில்மயத்தின் வரலாற்றைப் படிக்கும்போது எந்திரத்தின் பெயரோடு நில்லாதீர். நிலம் யாருடையது? உழைப்பு யாருடையது? சட்டம் யாரைக் கணக்கில் கொண்டது? யாரை விட்டது? இவற்றைக் கேளுங்கள். நாளை உங்கள் ஊருக்கு ஓர் அரசு அறிவிப்பு வருமாயின், அது எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது, ஆட்சேபம் தெரிவிக்க எத்தனை நாள் உண்டு என்பதைப் படித்துணர்ந்து, படிக்கத் தெரியாத உங்கள் பாட்டிக்கும் எடுத்துச் சொல்லுங்கள். பட்டா இல்லாத நம் முன்னோர்க்குக் கிட்டாத வலிமை அதுவே.