ஒன்றரைப் பாகையில் ஒரு புயல்

வாமெய் புயலின் கதை சைபீரியாவில் தொடங்குகிறது. 2001 டிசம்பரில் அங்கே இறுகிக் கனத்த குளிர்காற்று தெற்கே வழிந்தது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வட அரைக்கோளத்தில் நகரும் காற்றும் நீரும் வலப்பக்கம் ஒதுங்கும். அதனால் தெற்கே கிளம்பிய காற்று மேற்கே சாய்ந்து, தென் சீனக் கடலில் வடகிழக்குக் காற்றாக இறங்கியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் மெர்சிங் கடலைக் கொந்தளிக்கவைக்கும் அதே பருவக் காற்றுதான்.

இந்த விலகலை 1835இல் கணக்காக எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ். துருவத்தில் அது உச்சம், நிலநடுக்கோட்டில் பூஜ்யம். புயலுக்கு இது உயிர்நாடி. தாழ்வழுத்தத்தை நோக்கிப் பாயும் காற்று விலகுவதால்தான் சுழல்கிறது. விலகாவிட்டால் நேரே போய் நிரப்பிவிடும், பள்ளம் தூர்ந்துபோகும். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் பிறப்பதில்லை என்பது வானிலைப் பாடங்களின் பழைய விதி. ஜொகூர் இருப்பதோ ஒன்றரைப் பாகையில். பூமி இங்கே தரும் திருப்பம், சென்னையில் தருவதில் ஒன்பதில் ஒரு பங்கு.

அந்தக் குறையைப் போர்னியோ ஈடுகட்டியது. அதன் வடமேற்குக் கரையை ஒட்டி மழைக்காலத்தில் அடிக்கடி ஒரு காற்றுச் சுழி உருவாகும். பெரும்பாலும் நிலத்தில் உரசி வலுவிழந்துவிடும். அம்முறை அது கடலுக்கு நகர்ந்து நாள்கணக்கில் நின்றது. குளிர்காற்றும் ஏறக்குறைய ஒரு வாரம் ஓயவில்லை. மலாய்த் தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடையில் நெருக்கப்பட்டு விரைந்த காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பியது; தென் அரைக்கோளத்தில் ஒதுக்கம் அப்படித்தான். ஒரு பக்கம் மேற்கே சாயும் ஓட்டம், மறுபக்கம் கிழக்கே வளையும் ஓட்டம். நடுவில் சிக்கிய சுழி இடஞ்சுழியாக முறுக்கேறியது. வெதுவெதுப்பான கடல் மிச்சத்தைக் கொடுத்தது. இந்தப் பொருத்தம் 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூடும் என்று பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த எண் ஆறுதல் அல்ல. பருவக் காற்றும் போர்னியோச் சுழியும் ஆண்டுதோறும் வருபவை.

டிசம்பர் 26இல், 1.4 பாகையில், அது புயலாகியது. அருகில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தன. மறுநாள் மாலை, சிங்கப்பூருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. காற்று சீக்கிரம் தணிந்தது, மழை தணியவில்லை. ஜொகூரிலும் பகாங்கிலும் ஊர்கள் மூழ்கின. குனோங் பூலாய் மலையிலிருந்து சேறும் பாறையும் மரமுமாகப் பெருக்கெடுத்து வீடுகளை அடித்துச் சென்றது. நாட்டில் ஐந்து உயிர்கள் போயின.

மெலிந்த சுழி சுமத்ராவைக் கடந்து, வட இந்தியப் பெருங்கடலில் மீண்டும் சற்றுத் திரண்டு, கலைந்தது. வாமெய் என்பது மக்காவ் அளித்த பெயர். ஒரு பாடும் பறவையினுடையது. புயல்களின் பட்டியலிலிருந்து அதை நீக்கி, அந்த இடத்தில் பெய்பா என்ற பெயரைச் சேர்த்தார்கள்.